லேபர் கேம்ப் ரயில்வே அண்ணாச்சி

அப்பா போன பிறகு கேதம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். "பம்பாய் வந்து எறங்கின அன்னிக்கு ராத்திரி உங்க வீட்லதாம்மா படுத்தேன்." வாஷியில் மளிகைக்கடை வைத்திருப்பவர் சொன்னார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் சொன்னார். இன்னும் தாராவியிலேயே இட்லி அவித்து சைக்கிளில் ஆள் அனுப்பி விற்கிற அண்ணன் சொன்னார். அம்மா எல்லோருக்கும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பு மாட்டப் போனதும் என் பக்கம் சாய்ந்து, "இவன் ரெண்டு மாசம் படுத்தான்" என்றாள்.

அப்பாவுக்கு ஊர் வள்ளியூர் பக்கம். 1972ல் பம்பாய் வந்தார். இப்போது நாகர்கோவில் வண்டியில் ஏறினால் நேரே மும்பையில் வந்து இறங்கலாம். அன்றைக்கு மதராஸ் போய், வண்டி மாறி வர வேண்டும். கையில் ஊர்க்காரர் ஒருவரின் முகவரி இருந்தது. தேடிப் பிடித்துப் போனால் கதவில் பூட்டு. அந்த ஆள் ஊருக்குப் போயிருந்தாராம். அப்பா டிரங்குப் பெட்டியைத் தலைக்கு வைத்து அந்தப் பூட்டுக்கு முன்னாலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார். "அதனாலதான் வர்றவங்களையெல்லாம் வீட்ல சேக்கீங்களா?" என்று ஒரு தடவை கேட்டேன். ஏதோ பெரிய பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. நாலு பேரு இல்லாம சாப்ட்டா எனக்கு எறங்காது" என்றார். அவ்வளவுதான்.

வேலை மாட்டுங்கா ரயில்வே பணிமனையில். 1915ல் தொடங்கியது, மத்திய ரயில்வேயின் மாட்டுங்காவுக்கும் மேற்கு ரயில்வேயின் மாட்டுங்கா ரோடுக்கும் நடுவில் பரந்து கிடக்கிறது. ஓடி ஓடித் தேய்ந்த பெட்டிகள் அங்கே வரும். கிரேனால் பெட்டியை மேலே தூக்கிவிட்டு அடியில் சக்கரங்களைத் தாங்கி நிற்கிற சட்டமான போகியைத் தனியே உருட்டிக்கொண்டு போவார்கள். சக்கரத்தைக் கடைசலுக்கு அனுப்பி, ஸ்பிரிங்கைச் சோதித்து, பிரேக் கட்டையை மாற்றி, மறுபடி எல்லாவற்றையும் பூட்டி அனுப்ப வேண்டும். அப்பா கலாசியாக, அதாவது உதவியாளாகச் சேர்ந்து ஃபிட்டர் ஆனார். கடைசி வரைக்கும் போகியோடுதான் இருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முதலில் மண்ணெண்ணெயில் கை கழுவுவார், அப்புறம் லைஃப்பாய். அப்படியும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. என் கல்யாண போட்டோவில் தாலித்தட்டை நீட்டுகிற கையிலும் அந்தக் கறுப்பு தெரிகிறது.

எந்த ரயிலில் ஏறினாலும் முதலில் பெட்டியின் கடைசிச் சுவரைப் போய்ப் பார்ப்பார். எந்தப் பணிமனையில், எந்த தேதியில் பெரிய பழுதுபார்ப்பு முடிந்தது என்று அங்கே பெயிண்டில் எழுதியிருக்கும். மாட்டுங்கா என்றிருந்தால் அந்தப் பெட்டியை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் ஏறுவார். பெரும்பாலும் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்த பெட்டிகள். "மெட்ராஸ்காரன் செஞ்சு அனுப்புவான், திருநெல்வேலிக்காரன் தொடைச்சு அனுப்புவான்" என்று பக்கத்தில் நிற்கிற பயணியிடம் சொல்வார். அவர் யார் என்று அப்பாவுக்குத் தெரியாது. வண்டி கல்யாண் தாண்டுவதற்குள் அவர் எங்கள் புளிச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

1974 ரயில்வே வேலைநிறுத்தத்தில் அப்பாவும் இருந்தார். மே 8ஆம் தேதி தொடங்கி 20 நாள் நடந்தது. அதைத் தலைமை தாங்கி நடத்திய ஜார்ஜ் பெர்னாண்டஸ் பெயரைச் சொன்னால் அப்பா கடைசி வரை நிமிர்ந்து உட்காருவார். பிற்கால அரசியலைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். போலீஸ் வீடு வீடாக வந்து ஆட்களைத் தூக்கியபோது குர்லாவில் ஒரு மராத்திக்கார ஃபிட்டர் வீட்டில் ஒளிந்திருந்தார். அந்தக் குர்லா மாமாதான் எனக்கும் தம்பிக்கும் முதல் சொந்தக்காரர். ஊரில் இருந்த சித்தப்பாக்களை நாங்கள் பார்த்ததே பிறகுதான்.

எங்கள் வீடு தாராவி பக்கம் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். வீடு என்றால் ஒரு கோலி, அதாவது ஒரே அறை. பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும். மேலே பலகை போட்டு ஒரு பரண். வருகிறவர்கள் பரணில் படுப்பார்கள். அதற்கு மேல் ஆள் வந்தால் வாசலில் கயிற்றுக் கட்டில். மழைக்காலத்தில் வாசலும் இல்லை. அப்போது அடுப்பை ஒதுக்கிவிட்டு, பாத்திரங்களையெல்லாம் அலமாரிக்கு அடியில் தள்ளி, காலும் தலையும் மாற்றி மாற்றி வரிசையாகப் படுப்போம். பொம்பளைகள் சுவரோரம். எனக்கு எப்போதும் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் இடம். ராத்திரி திரும்பிப் படுத்தால் டிரம் முழங்கையில் சில்லென்று இடிக்கும். விடியுமுன் நல்லியில் தண்ணீர் வரும்போது அம்மா எல்லோரையும் தாண்டித் தாண்டிக் கதவுக்குப் போக வேண்டும். தூங்குகிறவன் காலை மிதித்துவிட்டு, "மன்னிச்சுக்கோங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டே போவாள்.

வந்தவனுக்கு மறுநாள் அப்பா வகுப்பெடுப்பார். பணிமனைக்குப் போகிற வழியில் கூடவே நடத்திக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்வார். மாட்டுங்கா வேற, மாட்டுங்கா ரோடு வேற. ஒண்ணுல ஏறிட்டு இன்னொண்ணுல வந்து எறங்க முடியாது. மாட்டுங்கால ஃபாஸ்ட் வண்டி நிக்காது, தாதர்ல எறங்கி ஸ்லோ பிடி. தாதர்ல எறங்கணும்னா குர்லாலேயே கதவுகிட்ட நகரு. தாதர்ல எறங்க வேண்டாம்னா கதவுகிட்டயே நிக்காதே, அவனே எறக்கிவிட்டுருவான். பர்ஸை முன் பையில் வை. யாராவது மராத்தியில் திட்டினால் சிரி; பாதித் திட்டு குறையும். இந்தக் கடைசி உபதேசத்தை அப்பா தினமும் நடைமுறையில் செய்து காட்டிக்கொண்டிருந்தார்.

வேலை கிடைத்து, தனியாக இடம் பிடித்துப் போன பிறகும் அவர்களுக்கு முகவரி எங்கள் வீடுதான். ரேஷன் கார்டு கிடையாது, நிரந்தரமான வாசல் கிடையாது. கேர் ஆஃப் போட்டு அப்பா பெயரை எழுதிவிடுவார்கள். தபால்காரர் தினமும் ஒரு கட்டு கொடுத்துவிட்டு, "இது போஸ்டாபீஸா வீடா?" என்பார். சனிக்கிழமை அப்பா அதைப் பையில் போட்டுக்கொண்டு கேம்ப், சயான் கோலிவாடா, கிங்ஸ் சர்க்கிள் என்று சுற்றிக் கொடுத்துவிட்டு வருவார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்தும் காட்டுவார். அதனால் யார் வீட்டில் என்ன பிரச்சனை என்று அவருக்கு அத்துப்படி. ஆனால் ஒன்று, அம்மாவிடம்கூடச் சொல்ல மாட்டார். அம்மாவுக்கு அதில் பெரிய குறை. "ஊர்ச் சேதியெல்லாம் வயித்துக்குள்ள வச்சிருக்காக" என்பாள்.

1993 ஜனவரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாராவியில் தோல் தொழில் செய்தவர்களில் நம் திருநெல்வேலி முஸ்லிம்கள் நிறையப் பேர். அப்பாவுக்கு அதில் ஒருவர் நெருங்கிய சேக்காளி. பம்பாயில் இந்து-முஸ்லிம் கலவரம் முற்றியபோது அவர் குடும்பத்தோடு எங்கள் கோலிக்கு வந்துவிட்டார். அவர் மகளும் நானும் பரணில் இருந்தோம். பேசக் கூடாது என்று உத்தரவு. தெருப் பையன்கள் சிலர் வந்து கதவைத் தட்டியபோது அப்பா வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்ன பேசினார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. சிரிக்கிற சத்தம் மட்டும் ஒரு தடவை கேட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்தவருக்குச் சட்டை முழுக்க வேர்வை. அன்றைக்கு மட்டும் அவர் யாரோடும் பேசாமல் சாப்பிட்டதைப் பார்த்தேன். இதை அவர் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் சேக்காளி விடவில்லை. கேதத்துக்கு வந்தவர் நடு வீட்டில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை சொன்னார்.

அப்புறம் பி.எஃப்பில் கடன் எடுத்து டோம்பிவலியில் ஒரு படுக்கையறை வீடு வாங்கினோம். அம்மா பால் காய்ச்சும்போதே, "இங்க இடம் பத்தாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க" என்றாள். அப்பா சரி என்றார். வருகிறவர்களும் டோம்பிவலி தூரம் என்பதால் குறைந்துபோனார்கள். அதற்குப் பதில் அப்பாவுக்கு ரயில் சிநேகிதம் கிடைத்தது. காலை ஸ்லோ வண்டியில், கல்யாண் பக்கத்துக் கடைசிப் பெட்டியில் ஒரு பஜனைக் கோஷ்டி. எல்லோரும் மராத்திக்காரர்கள். அப்பாவுக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது. ஆனால் ஜால்ரா அவர் கையில்தான். விட்டல் அபங்கங்களை வள்ளியூர் உச்சரிப்பில் பாடுவார். யாரும் குறை சொன்னதில்லை. ஆஷாட ஏகாதசி அன்று பெட்டிக்குப் பூத்தோரணம் கட்டுவதற்கு மாட்டுங்கா பூக்கடையில் பேரம் பேசுவதும் அவர்தான்.

2005 ஜூலை 26 மழை. சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது போன் வேலை செய்யவில்லை, ரயில் ஓடவில்லை, அப்பா வரவில்லை என்பதுதான். மறுநாள் இருட்டின பிறகு வந்தார். கொஞ்சம் லாரி, மீதி தண்டவாளத்தோடு நடை. முழங்கால் வரை சேறு. பின்னால் மூன்று பேர் நின்றார்கள். பத்லாபூர் போக வேண்டியவர்கள், அந்தப் பக்கம் உல்லாஸ் ஆற்று வெள்ளம். "இவங்க பேரு என்ன?" என்று அம்மா கேட்டாள். "கேக்கல" என்றார் அப்பா. அந்த மூவரில் ஒருவர் வெங்காயம்கூடத் தொடாத குஜராத்தி. அவருக்கென்று அந்த ராத்திரியில் தனியாகப் பருப்பு வைத்தாள் அம்மா. அவர் வீட்டிலிருந்து இன்றைக்கும் தீபாவளிக்கு ஃபர்சாண் டப்பா வருகிறது, அம்மா பெயருக்கு.

எனக்கு அவர் எப்படிப்பட்ட அப்பா என்று கேட்டால், நரிமன் பாயிண்டில் என் முதல் இன்டர்வியூவைச் சொல்வேன். லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். "நீங்க உள்ள வராதீங்க, சின்னப்புள்ள மாதிரி இருக்கும்" என்றேன். சரிட்டி என்று கடற்கரைச் சுவரில் உட்காரப் போய்விட்டார். நான் வெளியே வரும்போது அவர் கட்டட வாசலில் வாட்ச்மேனின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் நின்றுகொண்டிருந்தார். ஜோன்பூரில் அவருக்கு எத்தனை பிகா நிலம், மருமகன் என்ன செய்கிறான், எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். எனக்கு அந்த வேலை கிடைத்தது. அங்கே இருந்த காலம் முழுக்க அந்த வாட்ச்மேன் என் பெயரைத் தெரிந்துகொள்ளவே இல்லை. காலையில் நான் நுழைந்தால் "அண்ணா கைசே ஹைன்?" என்பார். அண்ணா எப்படி இருக்கிறார் என்று. ஒரு நாள் நான் காய்ச்சலோடு போய் நின்றபோதும் அதேதான் கேட்டார்.

கல்யாண விஷயமும் அப்படித்தான். மராத்திப் பையன் என்றதும் அம்மா படுத்துக்கொண்டாள். அப்பா பையனின் அப்பாவைப் பார்க்கப் போனார். அவர் மும்பை நகரப் பேருந்தான 'பெஸ்ட்' டெப்போவில் மெக்கானிக். எந்த கிரீஸ் மழைக்குத் தாங்கும், எது தாங்காது என்று இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள், பேசியிருக்கிறார்கள், மத்தியானம் ஆகிவிட்டது. திரும்பி வந்தவரிடம், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "அட, அதைக் கேக்க மறந்துட்டேன்டி" என்றார். மறந்தாரா, மறந்த மாதிரி இருந்துவிட்டாரா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் அம்மா படித்துவிட்டுச் சண்டைக்கு வருவாள். அப்பா வாசலில் "வாங்க வாங்க" என்று சொன்னதற்கெல்லாம் உள்ளே உலை வைத்தது அவள்தான். ஃபிட்டர் சம்பளத்தில் மாதக் கடைசியில் ரசம் தண்ணீராகும். யார் தட்டில் கெட்டியாக விழுகிறது, யார் தட்டில் தெளிவாக விழுகிறது என்பது கரண்டிக்குத் தெரியும். அவள் தட்டில் எப்போதும் தெளிவுதான். அப்பா அதைக் கவனித்தாரா? கவனித்திருந்தால் ஒரு நாளாவது ஒருவனையாவது திருப்பி அனுப்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றும். நல்லவர் என்று ஊரே சொல்கிற ஆளோடு குடும்பம் நடத்துவது அவ்வளவு லேசு இல்லை.

1991ல் கூட வேலை பார்த்த ஒருவர், நம் மாவட்டத்துக்காரர்தான், ஊழியர் கடன் சங்கத்தில் 15,000 ரூபாய் கடன் வாங்கினார். அப்பா ஜாமீன் போட்டார். அந்த ஆள் வேலையை விட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போய்விட்டார். கடன் அப்பா சம்பளத்தில் பிடித்தம் ஆனது, நாலு வருஷத்துக்கு. அம்மாவின் இரண்டு வளையல் அந்த நாலு வருஷத்தில்தான் போனது. ஒன்று என் பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று தம்பியின் டைஃபாய்டுக்கு. அப்பா அந்த ஆளைத் திட்டி நான் கேட்டதில்லை. அவனுக்கு அங்க என்ன கஷ்டமோ என்பார். அம்மா திட்டியதையும் கேட்டதில்லை. அவள் கையைப் பார்த்துக்கொள்வாள்.

2024 ஆகஸ்டில் ஒரு காலையில், டீ குடித்துவிட்டு பேப்பரோடு நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். 73 வயது. அதற்கு மேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை.

தம்பி புனேயிலிருந்து வருவதற்குள் காரியங்கள் தானாக நடந்துகொண்டிருந்தன. டாக்டர் சான்றிதழ், மாநகராட்சி மயானத்துக்கான சீட்டு, மூங்கில், பானை எல்லாவற்றையும் பஜனைக் கோஷ்டிக்காரர்கள் வாங்கி வைத்துவிட்டார்கள். நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்க ஆறும் இல்லை, கிணறும் இல்லை. கட்டடத்துப் போர்வெல் குழாயிலிருந்து குடத்தில் பிடித்து, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று யாரோ சொன்னதால் மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்தோம். பணிமனை ஆட்கள் ஷிப்ட் முடிந்து நேரே வந்தார்கள். வீடு முழுக்க மண்ணெண்ணெய் வாசனை. குர்லா மாமாவுக்கு எண்பதுக்கு மேல். அவரை இரண்டு பேர் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அவர் அப்பாவின் வலது கையை எடுத்து, நகத்தைப் பார்த்து, "அஜூன் காளேச் ஆஹே" என்றார். இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. மறுநாள் காடாத்து முடிந்ததும் தம்பி அஸ்தியைத் தாமிரபரணிக்குக் கொண்டுபோனான்.

பதினாறாம் நாள் சாப்பாடு சொசைட்டி ஹாலில். அதற்குள் குடும்ப பென்ஷன் வேலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பென்ஷன் உத்தரவில் அம்மாவின் பெயருக்கு ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து. பணிமனையில் இப்போது யூனியனில் இருக்கிற பையன் ஒருவன் பேப்பரையெல்லாம் வாங்கிக்கொண்டு, "நான் பாத்துக்கிறேன் அத்தே" என்றான். அவனுடைய அப்பாவும் எங்கள் பரணில் படுத்தவர்தான். பஜனைக் கோஷ்டித் தலைவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்து ஜால்ராவைக் கேட்டார். அது கோஷ்டியின் சொத்தாம், சந்தா போட்டு வாங்கியதாம். தேடி எடுத்துக் கொடுத்தோம்.

அந்த ஜாமீன் ஆளும் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. யாரையும்விடச் சத்தமாக அழுதார். அப்பாவைத் தன் கூடப்பிறந்த அண்ணன் என்றார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பந்தியில் அவர் உட்கார்ந்ததும் பரிமாறுகிறவனிடமிருந்து அம்மா பாயச வாளியை வாங்கிக்கொண்டு போனாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. வாளியை அவர் தலையில் கவிழ்த்துவிடுவாளோ என்றுகூட நினைத்தேன். அவள் இரண்டு கரண்டி ஊற்றினாள். "நல்லா சாப்பிடுங்க தம்பி. புள்ளைங்க என்ன செய்யுது?" என்று கேட்டாள். அவர் குனிந்தபடியே ஏதோ சொன்னார்.

சாயங்காலம் ஹாலைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னாள்: "அவன் மக டாக்டருக்குப் படிச்சிருக்காளாம். நம்ம வளையலும் கொஞ்சம் அதுல இருக்கும்." கேட்டுவிடலாமா என்றேன். "உங்கப்பாவே கேக்கல. நீ போயி பாத்திரக்காரன் பாக்கி எவ்வளவுன்னு கேளு. ரெண்டு அண்டா கூடுதலா எழுதியிருப்பான், எண்ணிப் பாத்துக் குடு" என்றாள்.

எண்ணிப் பார்த்தேன். கூடுதலாகத்தான் எழுதியிருந்தான்.